சர்வர் சொன்ன பதில் ஃபைலில் இருக்கட்டும்

நேயர்களுக்கு வணக்கம்.

இணையத்தில் ரயில் டிக்கெட் எடுக்கிறீர்கள். பணம் கட்டும் பொத்தானை அழுத்தியதும் டிக்கெட் விற்கும் கணினி, வங்கியின் கணினியிடம் ‘இந்தக் கணக்கிலிருந்து இவ்வளவு எடுக்கலாமா’ என்று கேட்கிறது. வங்கிக் கணினி பதில் சொல்கிறது; இப்படிப் பதில் சொல்லும் கணினிதான் சர்வர். கணினிகள் இப்படித் தங்களுக்குள் பேசிக்கொள்ளும் ஏற்பாடுதான் வெப் சர்வீஸ். போகிற கேள்வி ரெக்வெஸ்ட், வருகிற பதில் ரெஸ்பான்ஸ். இரண்டும் ஒழுங்காக நடக்கின்றனவா என்று பார்ப்பது என்னைப் போன்ற டெஸ்டர்களின் பிழைப்பு.

இதற்குக் கருவிகள் இருக்கின்றன. 2005இல் வந்த சோப்யூஐ இன்றும் பல அலுவலகங்களில் ஓடுகிறது. பெங்களூரில் பிறந்த போஸ்ட்மேனை இப்போது கல்லூரி மாணவர்களுக்கே தெரியும். சோதனை தேறினால் பச்சை, தவறினால் சிவப்பு. பார்க்க வசதிதான். ஆனால் ராத்திரி தானாக ஓடிய சோதனையில் ஒன்று சிவப்பாகிவிட்டது என்று வையுங்கள். காலையில் டெவலப்பரிடம் போனால் அவர் கேட்கும் முதல் கேள்வி, ‘மறுபடி ஓட்டிப் பாருங்க, வருதா?’ ஓட்டினால் பச்சை! அப்புறம் என்ன, ‘நெட்வொர்க் கோளாறா இருக்கும்’ என்று முடித்துவிடுவார். ராத்திரி இரண்டு மணிக்கு என்ன கேட்டோம், சர்வர் என்ன சொன்னது என்பதற்கு நம் கையில் ஆதாரம் இல்லை. கருவியின் ஜன்னலில் கடைசியாக வந்த பதில்தான் நிற்கும். மறுபடி ஓட்டியபோது நாமே பழையதை அழித்துவிட்டோம்.

அதனால், ஒவ்வொரு ரெக்வெஸ்ட்டையும் ரெஸ்பான்ஸையும் ஃபைலில் எழுதி வைக்க ஒரு சின்ன ஸ்கிரிப்ட், அதாவது குட்டி நிரல், வேண்டும். சோப்யூஐயில் இதை க்ரூவி என்ற மொழியில் எழுதுவோம். ஜாவா தெரிந்தவருக்கு இது ஒரு மதிய நேரத்து வேலை, பத்து வரிக்குள் அடங்கிவிடும். வானொலியில் நிரலைப் படித்துக்காட்டினால் நீங்கள் வேறு நிலையத்துக்குப் போய்விடுவீர்கள்; ஆகவே அதில் எங்கே இடறும் என்பதை மட்டும் சொல்கிறேன்.

முதலில், ஸ்கிரிப்டை எங்கே வைப்பது? ஒரு சோதனைக்கான படிகளை வரிசையாக அடுக்கியதுதான் டெஸ்ட் கேஸ்; அதன் கடைசிப் படியாக வைக்கத்தான் எல்லோருக்கும் தோன்றும். அங்கே ஒரு வில்லங்கம் இருக்கிறது. நடுவில் ஒரு படி தவறினால் அதோடு நிறுத்திவிடுவதுதான் சோப்யூஐயின் வழக்கமான அமைப்பு. அதாவது எல்லாம் சரியாக நடந்த நாளில் ஃபைல் பத்திரமாக எழுதப்படும். சிவப்பான நாளில், எப்போது அது தேவையோ அப்போது, கடைசிப் படிக்கு ஓட்டமே வந்து சேராது. டெஸ்ட் கேஸிலேயே டேர்டவுன் என்று ஓர் இடம் உண்டு. சோதனை தேறினாலும் தவறினாலும் முடிவில் அது ஓடும். ஸ்கிரிப்டுக்கு உரிய இடம் அதுதான்.

அடுத்தது, எதைச் சேமிப்பது? ரெக்வெஸ்ட் என்று கேட்டால் கருவி நாம் எழுதிய அச்சைக் கொடுக்கும். வாடிக்கையாளர் எண் முந்தைய படியிலிருந்து வருவதாக இருந்தால், அந்த இடத்தில் எண் இருக்காது, ‘இங்கே எண்ணைப் போடு’ என்ற குறிதான் இருக்கும். அதை வைத்துக்கொண்டு டெவலப்பரிடம் வாதாட முடியாது. ரா ரெக்வெஸ்ட் என்று கேளுங்கள்; கம்பி வழியே உண்மையில் போனது கிடைக்கும்.

ஃபைல் பெயரில் டெஸ்ட் கேஸின் பெயர், படியின் பெயர், தேதி, நேரம் எல்லாம் வரட்டும். வருடம், மாதம், நாள் என்ற வரிசையில் போட்டால் ஃபோல்டரில் தானாகவே கால வரிசையில் நிற்கும். நேரத்தில் மணிக்கும் நிமிடத்துக்கும் நடுவே முக்காற்புள்ளி வைக்காதீர்கள், விண்டோஸ் ஏற்காது. லினக்ஸில் எழுதிச் சோதித்த ஸ்கிரிப்ட் அலுவலகக் கணினியில் படுத்துவிடுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

தமிழ் பெயர்கள் வருகிற சர்வீஸ் என்றால் இன்னொன்றும் உண்டு. எந்த எழுத்துக் குறியீட்டில் எழுத வேண்டும் என்று நாம் சொல்லாவிட்டால், பழைய ஜாவா அந்தக் கணினியின் வழக்கத்தையே எடுத்துக்கொள்ளும். 2022இல் வந்த ஜாவா 18இல்தான், தமிழ் உட்பட எல்லா மொழி எழுத்துகளையும் ஏற்கும் யூடிஎஃப்-8 குறியீடு எல்லா இடத்திலும் இயல்பானது. அதற்கு முந்தைய ஜாவா விண்டோஸில் ஓடினால், சர்வர் ‘முருகேசன்’ என்று சரியாகவே அனுப்பியிருந்தாலும் ஃபைலில் வரிசையாகக் கேள்விக்குறிகள் நிற்கும். பழி சர்வர் மேல் விழும். எழுதும் வரியிலேயே யூடிஎஃப்-8 என்று குறிப்பிட்டுவிட்டால் தீர்ந்தது.

போஸ்ட்மேன்காரர்களுக்கு ஒரு வார்த்தை: அதற்குள் எழுதும் ஸ்கிரிப்டால் நேரடியாக உங்கள் வட்டில் எழுத முடியாது. அதன் கட்டளைவரித் துணையான நியூமேன் வழியாக ஓட்டி, அங்கிருந்து எழுதிக்கொள்ள வேண்டும்.

ரா ரெக்வெஸ்ட்டைச் சேமியுங்கள் என்று சொன்னேன் அல்லவா, அதற்கு ஒரு விலையும் உண்டு. சர்வருக்குள் நுழைய நாம் காட்டும் அனுமதிச்சீட்டான டோக்கன் அதன் தலைப்பில் அப்படியே இருக்கலாம். ஆதார் எண், அட்டை எண் எல்லாமும் வரலாம். அட்டையின் பின்னால் உள்ள மூன்று இலக்க சிவிவி எண்ணை, பணம் அனுமதிக்கப்பட்ட பின் எங்கும் சேமிக்கவே கூடாது என்பது அட்டைத் துறையின் விதி. தனிநபர் தரவுக்கு நம் நாட்டில் 2023இலேயே சட்டம் வந்துவிட்டது. சோதனைக்குப் பொய்யான தரவு போதும் என்று எல்லோரும் சொல்வார்கள். எங்கோ ஒரு மூலையில் உண்மையான தரவின் நகல் ஓடிக்கொண்டுதான் இருக்கும். எனவே ஃபைலுக்குப் போகும் முன்பே, நினைவகத்தில் இருக்கும்போதே மறைத்துவிடுங்கள். ஆதார் என்றால் முதல் எட்டு இலக்கங்களை மறைத்து, கடைசி நான்கை மட்டும் விடலாம்.

இவ்வளவு பாடுபட்டுச் சேர்த்த ஃபைல்கள் தகராறு தீர்க்க மட்டும்தானா என்றால், இல்லை. என் பார்வையில் பெரிய லாபம் வேறு. சர்வீஸின் புதிய பதிப்பு வந்த அன்று நேற்றைய பதிலையும் இன்றைய பதிலையும் பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம். நேரமும் பரிவர்த்தனை எண்ணும் எப்படியும் மாறும், அவற்றை நீக்கிவிட்டுப் பாருங்கள். நேற்று வெறும் 500 என்று எண்ணாக வந்த தொகை, இன்று மேற்கோள் குறிக்குள் எழுத்தாக வந்திருக்கும். நம் சோதனை ‘200 வந்ததா’ என்று, அதாவது எல்லாம் சரி என்று சர்வர் சொல்லும் குறியீட்டு எண்ணை மட்டும் பார்த்ததால் பச்சையாகவே இருக்கும். அந்தத் தொகையைக் கூட்டுகிற மொபைல் செயலிதான் பிறகு தடுமாறும். ஒப்பிட்டுப் பார்த்திருந்தால் பதிப்பு வெளியே போகும் முன்பே தெரிந்திருக்கும்.

முப்பது நாளைத் தாண்டிய ஃபைல்களை அழிக்கவும் அதே ஸ்கிரிப்டில் இரண்டு வரி சேர்த்துவிடுங்கள். இல்லாவிட்டால் வட்டு நிரம்பி, ஒரு நாள் சோதனையே நின்றுபோகும்.

நன்றி, வணக்கம்.