கையெழுத்துப் போட மறுத்த ஆன் கிளிஃபோர்ட்

வணக்கம் மக்களே! இன்னைக்கு நான் பேசப்போறது ஆன் கிளிஃபோர்ட் பத்தி. 1590ல, இங்கிலாந்தோட யார்க்‌ஷயர்ல இருக்கிற ஸ்கிப்டன் கோட்டையில பிறந்தவங்க. அப்பா ஜார்ஜ், கம்பர்லாந்து பிரபு. அண்ணனுங்க ரெண்டு பேரும் சின்ன வயசுலயே தவறிட்டதால இவங்கதான் ஒரே வாரிசு.

ஆனா 1605ல அப்பா சாகும்போது, கோட்டை, நிலம் எல்லாத்தையும் தன் தம்பி பேருக்கு உயில் எழுதிட்டார். பொண்ணுக்கு 15,000 பவுண்டு, அவ்வளவுதான். ஆனுக்கு அப்போ வயசு 15. அந்தச் சொத்து ஆணோ பெண்ணோ, நேர் வாரிசுக்குத்தான் போகணும்னு இரண்டாம் எட்வர்ட் காலத்துலயே எழுதி வெச்சிருக்கு. அம்மா மார்கரெட் பழைய பத்திரத்தையெல்லாம் தேடி எடுத்து, பொண்ணுக்காக வழக்கு நடத்தினாங்க.

1609ல ஆனுக்குக் கல்யாணம். புருஷன் ரிச்சர்ட் சாக்வில், டார்செட் பிரபு, கைக்கு வந்த காசைத் தண்ணியா இறைக்கிற ஆள். ‘உரிமையை விட்டுக்கொடு, பணமா வாங்கிக்கலாம்’னு ஓயாம நெருக்கடி. 1616 மே மாசம், ரெண்டு வயசுகூட நிறையாத மகளை இவங்ககிட்டயிருந்து பிரிச்சு வேற வீட்டுக்கு அனுப்பச் சொல்லிட்டார். அதே மாசம் வடக்கே அம்மாவும் இறந்துட்டாங்க. இதைப் படிச்சப்ப எனக்கு மனசே ஆறல.

அப்பவும் அவங்க மசியல. 1617 ஜனவரியில ஜேம்ஸ் ராஜா முன்னாடி மண்டியிட்டு, ‘உயிர் இருக்கிறவரைக்கும் வெஸ்ட்மார்லண்டை விட்டுத்தர மாட்டேன்’னு சொன்னாங்க. வடக்கே அந்தக் குடும்பச் சொத்து இருந்த பகுதிதான் வெஸ்ட்மார்லண்ட். ‘ராஜாவை முழுசா நம்பிடாதே’ன்னு ராணி முன்கூட்டியே எச்சரிச்சிருந்தாங்க. அவங்க சொன்னபடியே தீர்ப்பு சித்தப்பா பக்கம் போச்சு. ஆன் கடைசிவரைக்கும் அதை ஏத்துக்கிட்டுக் கையெழுத்துப் போடல!

ரிச்சர்ட் 1624ல போய்ச் சேர்ந்தார். ரெண்டாவது கல்யாணமும் ஒத்துவரல. 1643ல சித்தப்பா மகன் ஆண் வாரிசு இல்லாம இறந்தப்புறம்தான் சொத்து இவங்களுக்கு வந்துச்சு. அப்போ இங்கிலாந்துல உள்நாட்டுப் போர் வேற, உடனே போக முடியல. 1649ல, 59 வயசுல வடக்கே போய், இடிஞ்சு கிடந்த கோட்டைகளை ஒவ்வொண்ணா எடுத்துக் கட்டினாங்க.

எனக்கு ரொம்பப் பிடிச்சது, அதுல ஒண்ணான ப்ரூம் கோட்டைப் பக்கத்துல ரோட்டோரமா அவங்க 1656ல வெச்ச கல்தூண். 1616 ஏப்ரல் 2ல அம்மாவைக் கடைசியா வழியனுப்பின இடம் அது. எட்டுப் பட்டைத் தூண், மேல சூரிய கடிகாரம், பக்கத்துல தாழ்வா ஒரு கல்மேடை. வருஷாவருஷம் அதே தேதியில, அந்த மேடையில வெச்சு ஊர் ஏழைகளுக்கு 4 பவுண்டு கொடுக்கணும்னு ஏற்பாடு பண்ணிட்டாங்க.

1676ல, ப்ரூம் கோட்டையில அப்பா பிறந்த அதே அறையில காலமானாங்க, 86 வயசு. அன்னைக்குப் பிரிச்சுக் கொண்டுபோன குழந்தை மார்கரெட் இருக்காளே, அவளோட பிள்ளைகளுக்குத்தான் அந்தக் கோட்டையும் நிலமும் போய்ச் சேர்ந்துச்சு.