தண்ணீர் எடுக்கப் போன நேரம்

வணக்கம் நேயர்களே. நாற்பது வருடங்களுக்கு முன் பார்த்த ஒரு ரொக் இசை நிகழ்ச்சியைப் பற்றிக் கதைக்க வரச்சொல்லி வானொலி நிலையத்தார் கேட்டார்கள். வீட்டில் சொன்னேன். "நீங்கள் தனியப் போய்க் கதைச்சால் பாதிதான் வரும்" என்றார் மனைவி. மிச்சப் பாதியைத் தானே ஒரு தாளில் எழுதித் தந்திருக்கிறார். அந்தத் தாளும் இப்போது என் முன்னால் இருக்கிறது.

1985 யூலை 13, சனிக்கிழமை. லண்டன் வெம்பிளி மைதானம். எத்தியோப்பியப் பஞ்சத்துக்குக் காசு சேர்க்க நடந்த 'லைவ் எய்ட்'.

எங்களுக்குக் கலியாணமாகி ஒரு வருடம்கூட ஆகவில்லை. மைதானத்தின் இரட்டைக் கோபுரம் தெரிகிற ஒரு தெருவில், மாடியில் ஓர் அறை. எனக்குப் பெற்றோல் நிலையத்தில் இரவு வேலை. என்னோடு வேலை செய்த ஓர் ஐரிஷ்காரப் பொடியனிடம் இரண்டு டிக்கெட் இருந்தது, அவனுக்கு வர முடியாமல் போயிற்று. ஒரு டிக்கெட் 25 பவுண்ஸ். அதில் நுழைவுக்கு 5, மீதி 20 நன்கொடை. இரண்டுக்கும் 50. என் ஒரு கிழமைச் சம்பளத்தில் பாதிக்கும் மேலே.

"காட்டுக் கத்தல் கேட்க அம்பது பவுண்ஸோ?" என்றார் மனைவி. அவர் வடஇலங்கைச் சங்கீத சபைப் பரீட்சையில் நாலாம் தரம் பாஸ் பண்ணியவர். நானோ யாழ்ப்பாணத்தில் அப்பா நித்திரையான பிறகு இலங்கை வானொலியின் ஆங்கில சேவையைக் காதோடு வைத்துக் கேட்டு வளர்ந்தவன். இந்த வழக்கு இன்னும் தீரவில்லை.

அவர் மனம் மாறியது பாட்டுக்காக அல்ல. முந்தைய ஒக்டோபரில் வீட்டுக்காரரின் தொலைக்காட்சியில் பிபிசிச் செய்தி பார்த்திருந்தோம். எத்தியோப்பியாவின் பஞ்சம், செய்தியாளர் மைக்கேல் பர்க்கின் குரல். அந்தப் படத்தை எடுத்தவர் முகமது அமீன், நைரோபியில் பிறந்த பஞ்சாபி வழியினர். அதைப் பார்த்துவிட்டுத்தான் பொப் கெல்டொவ் என்ற பாடகர் இந்த வேலையைத் தொடங்கினார். "சோத்துக்குப் போற காசெண்டால் சரி" என்று மனைவி சம்மதித்தார். அந்தக் காசு முழுவதும் சோற்றுக்குத்தான் போனதா என்று பிறகு கன விவாதங்கள் நடந்தன. ஆபிரிக்காவுக்காக நடந்த மேடையில் ஆபிரிக்கக் கலைஞர்கள் ஏன் இவ்வளவு குறைவு என்ற கேள்வியும் நியாயமானதுதான். அன்றைக்கு எங்களுக்கு அதெல்லாம் தோன்றவில்லை.

மூத்தவள் அப்போது வயிற்றில், நாலரை மாதம். பாணுக்குள் சம்பல் வைத்துக் கட்டிக்கொண்டு நடந்தே போனோம். பச்சைத் தேங்காய் கிடைக்காத காலம். பைக்கற்றில் வரும் உலர்ந்த தேங்காய்ப்பூவில் இடித்த சம்பல் அது. மனைவியின் தாளில் முதல் வரியே இதுதான்: "சம்பலுக்குப் புளி காணாது."

நண்பகல் 12 மணிக்குத் தொடங்கியது. இளவரசர் சார்ள்ஸும் டயானாவும் வந்திருந்தார்கள். 72,000 பேர். நல்ல வெயில். இரவு பத்து மணிவரை ஒரு குழு போக அடுத்த குழு. ஒவ்வொருவருக்கும் ஏறத்தாழ இருபது நிமிடம்தான். மேடையில் தெரு விளக்கு மாதிரிச் சிவப்பு, மஞ்சள், பச்சை விளக்குகள் வைத்திருந்தார்கள், பாடுகிறவர்களுக்கு நேரம் காட்ட. சிவப்பு எரிந்தால் எப்பேர்ப்பட்ட ஆளும் இறங்கவேண்டும். நம் ஊர்க் கோயில் திருவிழாவில் விடிய விடிய நாலு கூட்டம் மேளம் கேட்டவர்களுக்கு இது புதினமாகத்தான் இருக்கும்.

மாலை 6 மணி 41 நிமிடம். குவீன் என்ற ரொக் குழுவினர் வந்தார்கள். வெள்ளை பெனியன், ஜீன்ஸ், பாதியாய் முறிந்த மாதிரி ஒரு மைக் தடியோடு அவர்களின் பாடகர் ஃபிரெடி மெர்க்குரி. நாங்கள் புல்தரையில் பின்பக்கம் நின்றோம். ஆள் ஒரு விரலளவுதான் தெரிந்தார்.

'ரேடியோ காகா' தொடங்கியது. வானொலியில் இருந்துகொண்டு இதைச் சொல்லாமல் விட ஏலாது. அது வானொலியைப் பற்றிய பாட்டு. தொலைக்காட்சி வந்து வானொலியை ஓரம் கட்டுகிறதே என்று குவீனின் டிரம்ஸ்காரர் ரொஜர் டெய்லர் எழுதியது. படுக்கைக்குள் வானொலியை ஒளித்துக் கேட்டவன் நான். எனக்காகவே எழுதின பாட்டென்று நினைத்தேன். பல்லவி வரும் இடத்தில் எல்லோரும் இரண்டு கையையும் தலைக்கு மேலே தூக்கி இரண்டு தட்டுத் தட்டவேண்டும். பின்னால் நின்றபடியால் ஒன்று கண்டோம். முன்னால் இருப்பவர்கள் தட்டிக் கொஞ்சம் பிந்தித்தான் நாங்கள் தட்டினோம். சத்தம் அவ்வளவு தூரம் வந்து சேரவேண்டுமல்லவா? அதனால் கைகள் எல்லாம் ஒன்றாய் உயரவில்லை, நெல்வயலில் காற்றுப் போகிற மாதிரி முன்னிருந்து பின்னுக்கு ஓடி வந்தன. மனைவி இதைத் தான்தான் முதலில் கண்டு எனக்குக் காட்டியதாகச் சொல்கிறார். நான்தான் காட்டினேன் என்பது என் ஞாபகம். தாளில் அவர் கோடு போட்டு எழுதியிருக்கிறார்: "நான்தான்."

இன்னொன்றும் சொல்வார், அந்தக் கைதட்டலுக்குத்தான் பிள்ளை முதல்முதல் உதைத்தாள் என்று. நாலரை மாதத்தில் அது வாய்வாகத்தான் இருக்கும் என்று ஒரேயொருமுறை சொன்னேன். பிறகு சொல்லவில்லை.

பாட்டு முடிந்ததும் ஃபிரெடி வாத்தியம் ஒன்றும் இல்லாமல் "ஏ… ஓ" என்று ஓர் இழுப்பு இழுத்தார். சனம் அதையே திருப்பிப் பாடியது. அவர் வளைத்தால் சனமும் வளைத்தது. ஏற்றினால் ஏறியது. அதுவரை துவாயில் குந்தியிருந்த மனைவி எழும்பி நின்றுவிட்டார். "பாருங்கோ, ஸ்வரம் சொல்லிக் குடுக்கிறார்" என்றார். சங்கீத வகுப்பில் ரீச்சர் பாட, பிள்ளைகள் திருப்பிப் பாடுவதுதானே அது! என் காட்டுக் கத்தலுக்கு அவர் தந்த முதல் அங்கீகாரம். கூடவே, "இந்தாள்ர முகத்தைப் பார்த்தால் எங்கட பக்கத்து ஆள் மாதிரிக் கிடக்கு" என்றார். திரையில் அவர் முகம் பெரிதாக ஓடிக்கொண்டிருந்தது. நான் சிரித்தேன். உமக்கு எல்லாரும் எங்கட ஆக்கள்தான் என்றேன்.

1991 நவம்பரில் ஃபிரெடி இறந்தபோது பேப்பரில் வாசித்தேன். பிறந்த பெயர் ஃபாரூக் புல்சாரா. இந்தியப் பார்சிக் குடும்பம். சன்சிபார் தீவில் பிறந்து, பம்பாய்க்கு அப்பால் பஞ்ச்கனியில் விடுதிப் பள்ளியில் படித்தவர். 1964இல் அந்தத் தீவில் புரட்சி வெடிக்க, குடும்பம் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து ஹீத்ரோ விமான நிலையத்துக்குப் பக்கத்தில் ஃபெல்ற்றத்தில் குடியேறியது. எங்கட சனம் எத்தனை பேர் வேலைக்குப் போய் வருகிற பாதை! பேப்பரை மனைவியிடம் நீட்டினேன். வாசித்துவிட்டு மடித்து வைத்தார். ஒரு சொல் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் எனக்குச் சுகமாய் இருந்திருக்கும்.

இப்போது நான் ஒரு விஷயம் ஒப்புக்கொள்ளவேண்டும்.

குவீனுக்கு அடுத்து பாடகர் டேவிட் போவி. தன் நேரத்தில் ஒரு பாட்டை விட்டுக்கொடுத்து, கனேடியத் தொலைக்காட்சியார் எத்தியோப்பியாவில் எடுத்த படத்துண்டைத் திரையில் காட்டச் செய்தார். பின்னணியில் ஒரு பாட்டு மட்டும். எழும்ப முயன்று முடியாமல் தடுமாறும் ஒரு சிறு குழந்தை. மைதானமே அடங்கிப்போனது என்று இத்தனை வருடமாய் வருகிறவர்களுக்கெல்லாம் விவரித்து வந்திருக்கிறேன். நான் அதைப் பார்க்கவில்லை. மனைவிக்குத் தண்ணீர் எடுக்கப் போய்ச் சனத்துக்குள் மாட்டுப்பட்டுப்போனேன். திரும்பி வந்தபோது அவர் துவாயால் முகத்தை மூடிக்கொண்டு இருந்தார். வெயில் என்று நினைத்தேன்.

தமிழருக்கு எதிரான கலவரம் நடந்த 1983 யூலையில் மனைவி கொழும்பில் இருந்தவர். பம்பலப்பிட்டி இந்துக் கல்லூரி அகதி முகாமில் தாய் தகப்பனோடு நாள்கணக்காய் இருந்துவிட்டுக் கப்பலில் காங்கேசன்துறை போய் இறங்கியவர். முகாமில் பாணுக்கு வரிசையில் நின்றதைப் பற்றி அதுவரை எனக்கு ஒன்றும் சொன்னதில்லை. அன்றிரவு, பாடகர் போல் மக்கார்ட்னியின் மைக் வேலை செய்யாமல்போய், வார்த்தை தெரியாத நாங்களும் சனத்தோடு சேர்ந்து முனகி முடித்து, கடை பூட்டிக் கிடந்த ஈலிங் ரோட்டால் நடந்து வரும்போதுதான் சொன்னார். அந்த வீதியில் இன்று இடியப்பமும் இராசவள்ளிக் கிழங்கும் வாங்கலாம். அன்றைக்குக் குஜராத்திக் கடைகள்தான்.

2004இல் நிகழ்ச்சி டிவிடியாக வந்தபோதுதான் அந்தப் படத்துண்டை நான் முதல்முறை பார்த்தேன், மனைவிக்குப் பக்கத்தில் இருந்து. அதிலே எங்கள் இரண்டு பேரையும் தேடித் தேடி நிறுத்தி நிறுத்திப் பார்த்தோம். கைகள்தான் தெரிகின்றன. அதில் ஒரு கையைத் தன்னுடையது என்று மனைவி சொல்கிறார். காப்பு மினுங்குகிறதாம். எனக்குத் தெரியவில்லை.

தாளில் கடைசி வரியையும் வாசித்துவிடுகிறேன். "தண்ணி எடுக்கப் போன மனிசன் எத்தினை மணிக்கு வந்தவர் எண்டும் சொல்லுங்கோ. வரேக்க போத்தலில பாதித் தண்ணிதான் இருந்தது."

இருந்தது பாதிதான். எனக்கும் தாகம். வணக்கம்.