முதல் வருடத்துக்குச் சோறு போடுவது யார்?

நேயர்களுக்கு வணக்கம்.

சினிமா வேலைக்கு இளைஞர்களைத் தயார் செய்யும் சமூக நிறுவனம் ஒன்றை எப்படித் திட்டமிடுவது என்று பேச அழைத்திருக்கிறார்கள். சென்னைப் படப்பிடிப்புகளில் புரொடக்‌ஷன் மேனேஜராக வெகுகாலம் இருந்தவன் நான். இப்போது நண்பர்கள் சிலரோடு சேர்ந்து இப்படியொரு நிறுவனத்துக்கான திட்டத்தைத்தான் எழுதிக்கொண்டிருக்கிறேன். அதனால் கனவைவிடக் கணக்கைப் பற்றித்தான் அதிகம் பேசுவேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விஷயத்தைச் சொன்னதும் பலரும் கேட்கிற முதல் கேள்வி, "என்ன கேமரா வாங்கப் போறீங்க?" என்பதுதான். கேமராவை வடபழனியில் நாள் வாடகைக்கு எடுத்துக்கொள்ளலாம். கற்றுக்கொடுக்கவும் இடங்கள் இல்லாமல் இல்லை. தரமணியில் இருக்கும் எம்.ஜி.ஆர். பெயரிலான அரசுத் திரைப்படக் கல்லூரியின் வேர் 1945 வரை போகிறது. புனேயில் 1960-லிருந்து, கொல்கத்தாவில் 1995-லிருந்து மத்திய அரசின் நிறுவனங்கள் இருக்கின்றன. இவை போக, 'மூன்றே மாதத்தில் ஒளிப்பதிவாளர்' என்று போஸ்டர் ஒட்டி லட்சக்கணக்கில் வாங்கும் இடங்களும் உண்டு. அவற்றைப் பற்றி வானொலியில் அதிகம் பேச வேண்டாம்.

பாடம் முடிந்த அடுத்த நாளுக்கு மட்டும் யாரிடமும் திட்டம் இல்லை. ஒரு பையன் உதவி இயக்குநராகச் சேர்கிறான் என்று வையுங்கள். கதை விவாதம் நடக்கும் மாதங்களில் அவனுக்குப் பெரும்பாலும் மதியச் சாப்பாடும் டீயும்தான். படப்பிடிப்பு தொடங்கினால் பேட்டா, அதாவது தினப்படி, வரும். நடுவில் படம் நின்றால் அதுவும் இல்லை. அப்பாவுக்கு அண்ணாநகரில் வீடு இருக்கிறவன் இதைத் தாங்குவான். வந்தவாசியிலிருந்தோ உசிலம்பட்டியிலிருந்தோ வந்தவன் சாலிகிராமத்தில் அறை வாடகை இரண்டு மாதம் பாக்கி விழுந்ததும் ஊருக்கு பஸ் ஏறிவிடுவான். இந்தத் துறை நல்ல உழைப்பாளிகளை இழக்கும் இடம் இதுதான். ஆகவே சமூக நிறுவனம் ஒன்று இங்கே செய்ய வேண்டிய முதல் வேலை, அந்தக் காத்திருப்புக் காலத்தின் செலவை ஏற்பது. பாடத்திட்டம், கட்டடம் எல்லாம் அதற்கு அப்புறம்.

சரி, அதற்கு எவ்வளவு ஆகும்? ஒரு அணியில் 20 பேர். ஆளுக்கு மாதம் 10,000 ரூபாய். இது ஒன்றும் தாராளமான தொகை இல்லை. பங்கு போட்டு எடுத்த அறை, மெஸ் சாப்பாடு, பஸ் செலவு, அவ்வளவுதான் தாங்கும். பயிற்சி மூன்று மாதம், வேலையில் சேர்ந்து கால் ஊன்ற இன்னும் ஆறு மாதம், ஆக ஒன்பது மாதம். மொத்தம் 18 லட்சம். ஆசிரியர் சம்பளம், இட வாடகை, மின்கட்டணம் எதுவும் இதில் சேரவில்லை.

இதை நிறுவனமே சம்பாதித்துவிடும் என்று திட்டத்தில் எழுதுவது சுலபம். கம்பெனிகளுக்கு விளம்பரக் குறும்படம் எடுப்போம், கல்லூரி விழாவை நேரலை செய்வோம், விளக்குகளை வாடகைக்கு விடுவோம் என்று வரிசையாக எழுதலாம். நாங்களும் அப்படித்தான் உட்கார்ந்து கணக்குப் போட்டோம். ஒரு வேலைக்குச் செலவு போகக் கையில் 30,000 ரூபாய் நின்றால்கூட, 18 லட்சத்துக்கு வருடம் 60 வேலை வேண்டும். மாதம் ஐந்து. புதிதாகத் தொடங்கியவனுக்கு யார் மாதம் ஐந்து வேலை கொடுப்பார்கள்? கிடைத்தாலும், அந்த ஐந்தை முடிக்கிற அவசரத்தில் பயிற்சிக்கு வந்த பிள்ளைகள் சம்பளமில்லாத வேலையாட்களாக மாறிவிடுவார்கள். எந்தச் சுரண்டலிலிருந்து காப்பாற்றக் கிளம்பினோமோ அதையே நாம் செய்தது போல ஆகும். அதனால் முதல் இரண்டு வருடம் செலவில் மூன்றில் ஒரு பங்கைச் சம்பாதித்தால் போதும், மிச்சத்துக்கு வெளிப்பணம் என்று எழுதிவைத்திருக்கிறோம். அந்த வேலைகளில் பயிற்சிக்கு வந்தவர் யாரை நிறுத்தினாலும் அன்றைக்குக் கூலி தனியாக உண்டு.

வெளிப்பணம் எங்கிருந்து? 2013-ஆம் வருடத்து கம்பெனிகள் சட்டத்தில் 135-ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. நிகர மதிப்பு 500 கோடி, விற்றுமுதல் 1000 கோடி, நிகர லாபம் 5 கோடி, இவற்றில் ஏதாவது ஒன்றைத் தொடும் கம்பெனி, முந்தைய மூன்று வருட சராசரி லாபத்தில் 2 சதவீதத்தைச் சமூகப் பணிகளுக்குச் செலவிட வேண்டும். தொழில்திறன் பயிற்சி அந்தப் பட்டியலில் இருக்கிறது. அந்தப் பணத்தை வாங்க நம் நிறுவனத்துக்கு முறையான பதிவு வேண்டும். அதே சட்டத்தின் 8-ஆம் பிரிவில் பதிவு செய்தால் தொழில் செய்து சம்பாதிக்கலாம், ஆனால் லாபத்தைப் பங்கு போட்டுக்கொள்ள முடியாது. எங்களுக்கு அதுதான் பொருத்தம் என்று முடிவெடுத்தோம். அறக்கட்டளையோ 8-ஆம் பிரிவோ, வியாபார வருமானம் கூடிக்கொண்டே போனால் வரிவிலக்கில் சிக்கல் வரும். பெயர்ப்பலகை எழுதுமுன் ஒரு நல்ல ஆடிட்டரிடம் உட்கார்ந்துவிடுங்கள்.

அடுத்து, எந்த வேலைக்குப் பயிற்சி? நியூயார்க் நகரில் ஒரு முன்மாதிரி உண்டு. அங்கே புரூக்ளினில் இருக்கும் ஒரு வேலைவாய்ப்புத் தொண்டு நிறுவனமும் மேயரின் திரைப்பட அலுவலகமும் சேர்ந்து 2006-இல் ஒரு பயிற்சியைத் தொடங்கின. வேலையில்லாத நகரவாசிகளுக்கு இலவசம். அதில் இயக்கம், ஒளிப்பதிவு எதுவும் கிடையாது. படப்பிடிப்பின் கடைநிலை உதவியாளர் வேலை மட்டும்தான். வாக்கி டாக்கியில் எப்படிப் பேசுவது, ஷாட் ஓடும்போது தெருவில் வருகிறவரை எப்படி மரியாதையாக நிறுத்துவது, இந்த மாதிரி விஷயங்கள். சில வாரப் படிப்பு, அப்புறம் நேராக வேலை. பெரிய ஆசைகளையெல்லாம் ஒதுக்கிவைத்துவிட்டு ஒரே ஒரு வாசலைத் திறந்துவிட்டதுதான் அந்தத் திட்டத்தின் கெட்டிக்காரத்தனம்.

நம் ஊரில் அப்படிப்பட்ட வாசல் எது என்று யோசித்தோம். ஒன்று, டேட்டா வேலை. பிலிம் போய் டிஜிட்டல் வந்த பிறகு, ஒரு நாள் முழுக்க எடுத்தது எல்லாம் உள்ளங்கை அளவு கார்டில் இருக்கிறது. எடுத்து முடித்த கார்டில் சிவப்பு டேப் ஒட்ட வேண்டும். அதைக் கணினியில் போட்டு, குறைந்தது இரண்டு தனித்தனி ஹார்ட் டிஸ்க்கில் நகல் எடுத்து, நகல் சரியாக இறங்கியிருக்கிறதா என்று மென்பொருளில் சோதித்து, சில ஷாட்களை ஓட்டியும் பார்த்து, கிளாப் பலகையில் இருக்கும் சீன் எண், ஷாட் எண்ணோடு ஒப்பிட்டு எழுதி, அதன் பிறகுதான் கார்டை அழித்துப் பச்சை டேப் ஒட்டிக் கேமரா உதவியாளரிடம் திருப்பித் தர வேண்டும். சிவப்பு டேப்பை மறந்து ஒரு கார்டு திரும்பக் கேமராவுக்குள் போனால், பல லட்சம் செலவழித்த ஒரு நாள் காணாமல் போகும். இதற்குக் கலைக்கண் தேவையில்லை. நிதானமும் ஒழுங்கும் வேண்டும். பாலிடெக்னிக் முடித்த ஒரு பெண் சில வாரங்களில் பழகிக்கொள்வார்.

இன்னொன்று லைட். ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் படித்தவர்கள் ஜெனரேட்டர் லோடு, எர்த், கேபிள் எல்லாம் தெரிந்தே வருகிறார்கள். பேபி என்கிற சின்ன விளக்கு எது, வெளிச்சத்தை மறைக்கும் கட்டர் எது, வெளிச்சத்தைத் திருப்பிவிடும் தெர்மாகோலை எந்தக் கோணத்தில் பிடிப்பது என்பதைச் சேர்த்துக் கற்றுத்தர வேண்டும். உயரத்தில் ஏறும்போது பெல்ட் போடும் பழக்கத்தை முதல் நாளிலேயே ஏற்றிவிட வேண்டும். 2020 பிப்ரவரியில் பூந்தமல்லி அருகே ஒரு படப்பிடிப்புத் தளத்தில் கிரேன் சரிந்து மூன்று பேர் இறந்தது நினைவிருக்கும். அதில் ஓர் உதவி இயக்குநரும் இருந்தார். பாதுகாப்பு என்பது எங்கள் திட்டத்தில் ஒரு மணி நேர வகுப்பு இல்லை, முதல் வாரம் முழுக்க அதுதான்.

சீரியல் என்றதும் நம் பிள்ளைகள் முகம் சுளிக்கிறார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. மாதத்தில் பாதி நாளுக்கு மேல் வேலை, நேரத்துக்குப் பணம், ஒரே நாளில் பத்துப் பதினைந்து சீன் எடுக்கும் வேகம். தொழில் பழக இதைவிட நல்ல களம் கோடம்பாக்கத்தில் எனக்குத் தெரிந்து இல்லை. எங்கள் வேலைவாய்ப்புப் பட்டியலில் முதல் இடம் சீரியலுக்கும் டப்பிங் கூடங்களுக்கும்தான்.

இனி சங்கம். பெப்சி என்று நாம் சொல்லும் தென்னிந்தியத் திரைப்படத் தொழிலாளர் சம்மேளனத்தில் இருபதுக்கும் மேற்பட்ட சங்கங்கள், சுமார் 25,000 உறுப்பினர்கள். சங்கத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடலாம் என்று சில நண்பர்கள் யோசனை சொன்னார்கள். எனக்கு உடன்பாடில்லை. இசையமைப்பாளர் எம்.பி. சீனிவாசன், ஒளிப்பதிவாளர் நிமாய் கோஷ் போன்றவர்கள் அன்றைக்குத் தொழிலாளர்களைத் திரட்டியதால்தான் அன்றைய படப்பிடிப்பு முடிந்து பேக்கப் ஆனதும் கையில் பேட்டா வருகிறது. அதே சமயம், சங்க உறுப்பினர் கார்டு வாங்கும் கட்டணம் சில சங்கங்களில் ஒரு கூலித் தொழிலாளியின் வீட்டில் ஒரே தவணையில் புரட்டக்கூடிய தொகை இல்லை. அதற்கு வட்டியில்லாக் கடன் ஒன்று வைத்திருக்கிறோம். வேலை கிடைத்த பிறகு, வேலை செய்த மாதங்களில் மட்டும் திருப்பிக் கட்டினால் போதும்.

பெண்களைச் சேர்ப்பது பற்றி ஒரு வார்த்தை. மேக்கப் கலைஞராகப் பெண்களுக்குச் சங்க உறுப்பினர் அட்டை தரமாட்டோம் என்று மும்பையில் இருந்த விதியை உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது 2014-இல்தான். மலையாள சினிமாவில் பெண்களின் நிலையை ஆராய்ந்த ஹேமா கமிட்டியின் அறிக்கை கேரளத்தில் 2024 ஆகஸ்டில் வெளியானபோது, படப்பிடிப்பில் கழிப்பறைகூட ஒழுங்காக இல்லை என்ற விஷயம் அதில் இருந்தது. இது கேரளத்து விஷயம் மட்டும் இல்லை என்பது எந்த புரொடக்‌ஷன் மேனேஜருக்கும் தெரியும். எனவே எங்களிடமிருந்து ஆள் எடுக்கும் கம்பெனி மூன்றை எழுத்தில் தர வேண்டும்: தளத்தில் கழிப்பறை, இரவு எட்டு மணிக்கு மேல் வேலை என்றால் அறை வரைக்கும் வண்டி, புகார் சொல்ல உள்ளகக் குழு. தராத கம்பெனிக்கு ஆண் பிள்ளைகளையும் அனுப்புவதில்லை.

ஆட்களைத் தேர்ந்தெடுக்க நேர்காணலில் எனக்கு நம்பிக்கை இல்லை. எல்லோரும் பிடித்த இயக்குநரைப் பற்றி அழகாகப் பேசுவார்கள். நாங்கள் ஒரு பெட்டி நிறைய பிராப்பர்ட்டி, அதாவது காட்சியில் பயன்படும் சாமான்களைக் கொடுத்து, பட்டியல் எழுதி, வெளியே எடுத்து அடுக்கி, மாலையில் அதேபோல் திரும்ப வைத்துத் தரச் சொல்வோம். ஒரு மூக்குக்கண்ணாடி குறைந்தால் அதை யார் தானாக வந்து சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

பணம் தருகிறவர்கள் எத்தனை சான்றிதழ் கொடுத்தீர்கள் என்றுதான் கேட்பார்கள். நாங்கள் காட்டப்போவது வேறு கணக்கு. மாதம் ஒருமுறை ஒவ்வொருவருக்கும் போன் போட்டு, எத்தனை நாள் வேலை, பணம் கைக்கு வந்ததா என்று இரண்டு கேள்வி கேட்டுக் குறித்துக்கொள்வோம். மூன்று வருடம் கழித்தும் துறையில் எத்தனை பேர் இருக்கிறார்கள் என்பதுதான் எங்கள் மார்க்.

முதல் அணிக்கு விண்ணப்பம் எப்போது என்று நிலையத்துக்கு வந்த கடிதங்களில் கேட்டிருக்கிறீர்கள். 20 பேருக்கும் வேலை தருவதாகக் கம்பெனிகளிடமிருந்து எழுத்தில் வந்த பிறகுதான் அறிவிப்போம். இப்போதைக்குப் பாதி இடத்துக்குத்தான் கடிதம் கையில் இருக்கிறது. மீதிக்கு அலைந்துகொண்டிருக்கிறோம். கிடைத்ததும் இதே வானொலியில் சொல்கிறேன். அதுவரை யாராவது எங்கள் பெயரைச் சொல்லிப் பணம் கேட்டால் ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள்.

வணக்கம்.