கிரேக்கர்கள் தங்கள் கடவுளரை நம்பினார்களா?

வணக்கம். கிரேக்கக் கடவுளரைப் பற்றிப் பேச உட்கார்ந்தால், ஒலிம்பஸ் மலையில் சண்டையும் சல்லாபமுமாகப் பொழுதைப் போக்கும் இந்தத் தெய்வங்களை அக்காலத்து மக்கள் மெய்யாகவே நம்பினார்களா என்ற கேள்விதான் முதலில் வந்து நிற்கிறது. மதம் என்றால் முதலில் நம்பிக்கை, பிறகுதான் மற்றதெல்லாம் என்று பழகிப்போன நமது காலத்தின் கேள்வி அது. அவர்களுக்கு இருந்த கவலை வேறு: எந்தத் தெய்வத்துக்கு, எந்த இடத்தில், என்ன செய்ய வேண்டும்?

இதற்கு எனக்கு மிகவும் பிடித்த சான்று, ஏதென்ஸ் நகரத்துச் செனபோன் தமது படைப்பயண நூலின் கடைசிப் பகுதியில் எழுதியிருக்கும் ஒரு நிகழ்ச்சி. பாரசீக இளவரசன் சைரஸுக்காகக் கூலிப்படையில் சென்று, அவன் போரில் மடிந்தபின் ஆயிரக்கணக்கான கிரேக்க வீரர்களைத் திரும்ப அழைத்துவந்த தலைவர்களில் ஒருவர் அவர். கி.மு. 399இல் சின்ன ஆசியாவின் லாம்ப்சகஸ் நகரை அடைந்தபோது, ஊர் திரும்புவதற்கே கையில் பணமில்லாமல் தமது குதிரையை விற்றிருந்தார். அங்கே அவரைச் சந்தித்த பழைய நண்பரான குறிசொல்பவர், கடவுளரின் தலைவரான ஜீயஸ்தான், ‘மெய்லிகியோஸ்’ என்ற பெயருடைய வடிவில், உமக்குத் தடையாக நிற்கிறார், வீட்டில் செய்துவந்தது போல அவருக்குப் பலியிட்டீரா என்று கேட்கிறார். ஊரைவிட்டுக் கிளம்பியது முதல் அவருக்கு எதுவும் செய்யவில்லை என்பது செனபோனின் பதில். மறுநாள் முறைப்படி பன்றிகளை முழுமையாக எரித்துப் பலியிடுகிறார். அன்றைக்கே படைக்குரிய பணத்தோடு ஆட்கள் வந்து சேருகிறார்கள், விற்ற குதிரையும் விலையில்லாமல் திரும்பி வருகிறது.

கவனியுங்கள், இதே செனபோன் ‘அரசன்’ என்ற பெயருடைய ஜீயஸுக்குப் பயணத்தின்போது பலியிட்டவர்தான். அது இந்தக் கணக்கில் சேரவில்லை. வானத்தில் இடியை ஏந்தி நிற்கும் ஜீயஸ் ஒருவர். பிரேயஸ் துறைமுகத்துப் புடைப்புச் சிற்பங்களில் பெரிய பாம்பாகவே காட்சிதரும் மெய்லிகியோஸ் ஒருவர். வீட்டு முற்றத்துப் பலிபீடத்தில் ஒருவர். சாமான் அறையில் செல்வத்தைக் காப்பவர் இன்னொருவர். இவர்கள் அனைவரும் ஒருவரா, பலரா என்று எந்தக் குருமாரும் தீர்ப்புச் சொல்லவில்லை, ஏனெனில் அப்படித் தீர்ப்புச் சொல்லும் அதிகாரமுடைய குருமார் அமைப்போ புனித நூலோ அவர்களிடம் இருந்ததில்லை. வடமேற்குக் கிரேக்கத்தின் டொடோனாவில் குறி கேட்டவர்கள் எழுதிக்கொடுத்த ஈயத் தகடுகள் ஆயிரக்கணக்கில் கிடைத்திருக்கின்றன. அவற்றில் திரும்பத் திரும்ப வருவது, எந்தத் தெய்வத்தை வேண்டினால், யாருக்குப் பலியிட்டால் குழந்தை பிறக்கும், காரியம் நன்றாக நடக்கும் என்ற கேள்வி.

ஏதென்ஸின் ஆட்சிமுறையும் இப்படித்தான் நடந்துகொண்டது. ஆர்க்கோன் என்ற உயர் ஆட்சிப் பதவிக்குத் தேர்வானவரிடம் பெற்றோர் யார், அவர்களை நன்றாக நடத்துகிறீரா, வரி கட்டினீரா, போருக்குச் சென்றீரா என்று விசாரித்தவர்கள், கூடவே முற்றத்து ஜீயஸும் குலத்து அப்போலோவும் உமக்கு உண்டா, அந்தப் பீடங்கள் எங்கே இருக்கின்றன என்றும் கேட்டார்கள். ‘எங்கே’ என்பதுதான் கேள்வி. ஜீயஸைப் பற்றி அவர் மனத்துக்குள் என்ன நினைக்கிறார் என்பதை யாரும் கேட்கவில்லை.

எனவே கேலிக்கும் இடமிருந்தது. கி.மு. 405இல் அரிஸ்டோபனீஸின் ‘தவளைகள்’ என்ற நகைச்சுவை நாடகத்தில் மதுக் கடவுள் டயோனைசஸ் பாதாளத்தில் பேயைக் கண்டு நடுங்கி, பார்வையாளர் வரிசையில் அமர்ந்திருக்கும் தமது பூசாரியிடமே ஓடிக் காப்பாற்றச் சொல்கிறார். இது நடந்தது டயோனைசஸுக்கே எடுத்த திருவிழாவில். நாடகத்துக்கு முதல் பரிசும் கிடைத்தது. இன்று இதைப் போல ஒன்றை அரங்கேற்றிவிட்டு நிம்மதியாக வீடு திரும்ப முடியுமா என்பதை உங்கள் ஊகத்துக்கு விடுகிறேன்.

அப்படியானால் சாக்ரடீஸ்? நகரத்தின் தெய்வங்களை ஏற்கவில்லை என்பதும் அவர்மீதான குற்றச்சாட்டில் இருந்ததே என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் அவருடைய மாணவரான அதே செனபோன் அவரைக் காக்க எடுத்துவைக்கும் முதல் வாதத்தைப் பாருங்கள்: அவர் வீட்டிலும் நகரத்தின் பொதுப் பலிபீடங்களிலும் பலியிட்டதை எல்லோரும் கண்டார்கள் என்கிறார். குற்றச்சாட்டுக்கு மறுப்பாக நிற்பது, பிறர் கண்ணால் பார்த்த ஒரு செயல்.

இதையெல்லாம் வைத்து, கிரேக்கருக்குச் சடங்கு மட்டுமே உண்டு, நம்பிக்கையே இல்லை என்று சிலர் எழுதுகிறார்கள். நான் அதை ஏற்கவில்லை. எபிடாரஸில் மருத்துவக் கடவுள் அஸ்கிலிபியஸின் தலத்தில் கி.மு. 4ஆம் நூற்றாண்டில் நிறுத்தப்பட்ட கல்வெட்டு ஒன்று, விரல்கள் செயலிழந்த ஒருவரின் கதையைச் சொல்கிறது. குணமானவர்களைப் பற்றிய பலகைகளைப் படித்து அவர் நகைக்கிறார். அன்றிரவு கோயில் வளாகத்தில் உறங்கும்போது, கனவில் கடவுள் வந்து அவர் கையின்மேல் குதித்து விரல்களை நீட்டிவிடுகிறார். இனியும் சந்தேகமா என்று கேட்டு, இனி உன் பெயர் ‘நம்பாதவன்’ என்று சூட்டுகிறார். மறுநாள் அவர் குணமாகிச் செல்கிறார். ஆக, நம்பாமை கவனிக்கப்பட்டது, கிண்டலடிக்கவும் பட்டது. ஆனால் அது வைத்தியத்தைத் தடுக்கவில்லை. அவர் முறைப்படி வந்து படுத்திருந்தார், அது போதுமானதாக இருந்தது.

செயலைக் கேட்கும் முறையும் நம்பிக்கையைக் கேட்கும் முறையும் நேருக்கு நேர் மோதிய இடம் எகிப்தின் பாப்பிரஸ் ஏடுகளில் பதிந்திருக்கிறது. பேரரசின் குடிமக்கள் யாவரும் தெய்வங்களுக்குப் பலியிட வேண்டும் என்று ரோமப் பேரரசர் டீசியஸ் ஆணையிட்டதை அடுத்து, கி.பி. 250இல் மக்கள் பெற்ற சான்றிதழ்கள் அவை. நான் எப்போதும் தெய்வங்களுக்குப் பலியிட்டு வந்திருக்கிறேன், இப்போது உங்கள் முன்னிலையில் பானம் வார்த்தேன், பலியிட்டேன், பலியுணவைச் சுவைத்தேன் என்பதே கிரேக்கத்தில் எழுதப்பட்ட அந்த வாசகம். பார்த்தேன் என்று அதிகாரி கையொப்பமிடுகிறார். செய்ய மறுத்த கிறிஸ்தவர்கள் தண்டனைக்கு உள்ளானார்கள். சரியாக 75 ஆண்டுகள் கழித்து, 325இல் நைசியாவில் கூடிய கிறிஸ்தவ ஆயர்கள் தங்கள் நம்பிக்கை அறிக்கையை அதே கிரேக்க மொழியில் எழுதினார்கள். ஒரே கடவுளை நம்புகிறோம் என்று அது தொடங்குகிறது, அதற்கு மாறாக நினைப்பவர்களைச் சபித்து முடிகிறது.

இறந்தபின் என்ன ஆகும் என்பதை இன்று நான் தொடவில்லை. எலியூசிஸின் மறைச்சடங்குகளோடு சேர்த்து அடுத்த காணொளியில் பார்ப்போம்.