பிள்ளை வந்துவிட்டாள், கோப்பு எங்கே?

(திருகோணமலையில் சிறுவர் பாதுகாப்பு உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் கூடியிருந்த கூட்டத்தில் பேசியது)

எல்லோருக்கும் வணக்கம், அஸ்ஸலாமு அலைக்கும். நேரே விஷயத்துக்கு வருகிறேன்.

மூதூரில் அம்மம்மாவோடு இருக்கிற ஒரு பிள்ளையை நினைத்துக்கொள்ளுங்கள். தாய் குவைத்தில். வீட்டில் ஏதோ நடக்கிறது, ரீச்சர் கவனிக்கிறார், சிறுவர் உதவித் தொலைபேசி 1929க்கு அழைப்பு போகிறது, உத்தியோகத்தர் வீட்டுக்குப் போய் வந்து கோப்புத் திறக்கிறார். கொஞ்ச நாளில் அம்மம்மா படுத்த படுக்கை, பிள்ளையைக் கந்தளாயில் சித்தி வீட்டுக்கு அனுப்பிவிடுகிறார்கள். அன்றைக்கே பஸ் ஏறிப் பிள்ளை போய்ச் சேர்ந்துவிடுவாள். கோப்பு மூதூர் அலுமாரியிலேயே கிடக்கும்.

கந்தளாயில் இருக்கிறவர் நல்லவர்தான், ஆனால் அவருக்கு ஒன்றும் தெரியாது. "என்ன நடந்தது மகள், சொல்லுங்க" என்று முதலிலிருந்து தொடங்குவார். ரீச்சரிடம், பொலிஸில், சட்ட வைத்திய அதிகாரியிடம் என்று ஏற்கெனவே சொல்லிச் சொல்லிக் களைத்த பிள்ளை வாயை மூடிக்கொள்வாள். நாங்கள் "ஒத்துழைக்கவில்லை" என்று எழுதிவைப்போம். அந்தச் சொல்லைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கும்.

இது ஆட்களின் சோம்பல் மட்டும் இல்லை. நன்னடத்தை உத்தியோகத்தர் மாகாணத்தின் கீழ், பிரதேச செயலகத்தில் இருக்கிற சிறுவர் உரிமை மேம்பாட்டு உத்தியோகத்தர் மத்திய அரசின் கீழ், 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் வந்த தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபை தனி, பொலிஸ் தனி. ஒரே பிள்ளைக்கு நாலு கோப்பு இருக்கலாம், நாலிலும் கால்வாசி உண்மை இருக்கலாம். எங்கள் மாவட்டத்தில் மட்டும் மூதூர், கந்தளாய் என்று பதினொரு பிரதேச செயலகப் பிரிவுகள்.

பிரித்தானியாவில் 2000ஆம் ஆண்டு விக்டோரியா கிளிம்பியே என்ற எட்டு வயதுப் பிள்ளை, பொறுப்பில் வைத்திருந்தவர்களின் கொடுமையால் இறந்துபோனாள். லண்டனில் பல சமூக சேவை அலுவலகங்களுக்கும் பொலிஸுக்கும் இரண்டு ஆஸ்பத்திரிகளுக்கும் அவளைத் தெரிந்திருந்தது. லார்ட் லேமிங் 2003இல் கொடுத்த விசாரணை அறிக்கை, காப்பாற்ற குறைந்தது பன்னிரண்டு சந்தர்ப்பமாவது இருந்தது என்று சொன்னது. ஆளுக்கொரு துண்டு கையில் இருந்தும் முழுப் படத்தை யாரும் பார்க்கவில்லை.

சரி, அப்படியென்றால் எல்லாவற்றையும் எல்லோருக்கும் திறந்துவிடலாமா? கூடவே கூடாது. அந்த அறிக்கைக்குப் பிறகு அங்கே எல்லாப் பிள்ளைகளின் விபரத்தையும் ஒரே தரவுத்தளத்தில் போட்டார்கள். கான்டாக்ட்பாயிண்ட் என்று பெயர், 2010இல் மூடிவிட்டார்கள். அந்தரங்கம் பற்றிய பயம் அவ்வளவு. எங்கள் ஊரில் அந்தப் பயம் இன்னும் நியாயமானது, ஏனென்றால் கிண்ணியாவில் ஒரு பெயரைச் சொன்னால் பின்னேரத்துக்குள் வாப்பா யார், மாமி யார் என்று சொல்லிவிடுவார்கள். வைத்திய அறிக்கையைப் போனில் படம் பிடித்து வாட்ஸ்அப் குழுமத்தில் போடுகிற பழக்கத்தை, அவசரத்துக்கு என்று சொன்னாலும், என்னால் ஏற்கவே முடியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டமும் பிள்ளை பற்றிய தரவை விசேட வகையாகத்தான் வைக்கிறது.

ஆகவே நான் கேட்பது ஒரு பக்கத் தாள். பிள்ளை யாரோடு பாதுகாப்பாக இருக்கலாம், யாரை அண்டவிடக் கூடாது, நீதிமன்றக் கட்டளை உண்டா, அடுத்த வழக்குத் தவணை எப்போது, என்ன மருந்து, எந்தப் பாடசாலை, யாரிடம் வாய் திறப்பாள். பிள்ளை இடம் மாறுவது தெரிந்த நாளே அது போக வேண்டும். போய்ச் சேர்ந்ததா என்று அனுப்பியவரே போன் எடுத்துக் கேட்கவும் வேண்டும். நடந்ததன் முழு விபரமும் வைத்திய அறிக்கையும் பூட்டிலேயே இருக்கட்டும், தேவைப்படுகிறவர் எழுத்தில் கேட்டு, கையொப்பம் வைத்துப் பார்க்கட்டும்.

அப்புறம் மொழி. மூதூரில் தமிழில் எழுதியதைக் கந்தளாயிலோ சேருவிலவிலோ சிங்களம் மட்டும் தெரிந்தவர் கையில் கொடுத்தால், கொடுக்காததுக்குச் சமன். அந்த ஒரு பக்கம் இரண்டு மொழியிலும் இருக்க வேண்டும். படிவத்தை இரு மொழியிலும் அச்சடித்துக் கொடுங்கள் என்று கேட்க இந்தக் கூட்டத்திலேயே ஒரு கடிதம் தயார் செய்வோம். வெளியே போக முன் கையொப்பம் வைத்துவிட்டுப் போங்கள்.