உள்ளூர் மாடும் லிஸ்பன் கோப்பையும்

(பள்ளி மாணவர் கால்பந்துப் போட்டியின் பரிசளிப்பு விழாவில் ஆற்றிய உரை)

விழாத் தலைவர் அவர்களே, நகர்மன்றத் தலைவர் அவர்களே, மூன்று நாளும் வெயிலில் நின்று விசில் ஊதிய நடுவர்களே, பந்தும் பனியனும் வாங்கிக் கொடுத்த வணிகப் பெருமக்களே, முன்வரிசையில் புழுதிக் காலோடு உட்கார்ந்திருக்கும் என் பிள்ளைகளே, அனைவருக்கும் வணக்கம். முழங்கால் வலியோடு படியேறி வந்திருக்கும் ஓய்வுபெற்ற உடற்கல்வி ஆசிரியர் ஐயாவுக்குத் தனியாக ஒரு வணக்கம். இந்த ஊரில் பாதிப் பேருக்குப் பந்தை உதைக்கக் கற்றுக்கொடுத்தவர் அவர்.

‘உள்ளூர் மாடு விலை போகாது’ என்பார்கள். அந்தப் பழமொழியைப் பொய்யாக்கிய ஓர் அணியைப் பற்றித்தான் பேச வந்தேன். ஸ்காட்லாந்தில், கிளாஸ்கோ நகரத்தின் செல்டிக். இரண்டு செய்திகள் சொல்லப்போகிறேன்: போர்ச்சுகலின் லிஸ்பன் நகரில் நடந்த ஆட்டம், செல்டிக் தனக்கென்று ஒரு மைதானத்தை உண்டாக்கிக்கொண்ட கதை.

1967 மே 25. ஐரோப்பாவின் கிளப் அணிகள் மோதும் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம். எதிரே இத்தாலியின் இன்டர் மிலான். 1964, 1965 என்று அடுத்தடுத்து இரண்டு முறை அந்தக் கோப்பையைத் தூக்கியவர்கள். ஒரு கோல் போட்டுவிட்டால் போதும், கோட்டைக் கதவைச் சாத்திவிடுவார்கள். செல்டிக் ஆட்டக்காரர்களோ, அத்தனை பேரும் தங்கள் மைதானத்திலிருந்து முப்பது மைலுக்குள் பிறந்தவர்கள். கோல்கீப்பர் ரானி சிம்சனுக்கு வயது 36.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அந்த அணியில் சிலருக்குப் பொய்ப்பல். ஆடும்போது போட்டுக்கொள்ள முடியாது. ஜெயித்தால் படம் எடுப்பார்களே, பல் வேண்டுமே! எல்லாவற்றையும் சிம்சனிடம் கொடுத்துவிட்டார்கள். அவர் தொப்பிக்குள் போட்டு, கோல் வலைக்குள் ஒரு மூலையில் வைத்துக்கொண்டார். பின்னால் பல்செட்டு, முன்னால் இன்டர் மிலான்! ஏழாவது நிமிடத்திலேயே இன்டரின் மட்சோலா பெனால்டியில் கோல் போட்டார். கதவு சாத்தியாயிற்று. செல்டிக் முட்டிக்கொண்டே இருந்தது. கம்பத்தில் பட்டுத் திரும்பியது, இன்டர் கோல்கீப்பர் சார்ட்டி பாய்ந்து பாய்ந்து தடுத்தார். 63-ஆவது நிமிடத்தில் டாமி கெம்மல் தூரத்திலிருந்து ஓங்கி ஓர் உதை. சமம்! 84-இல் ஸ்டீவி சால்மர்ஸ் காலை நீட்டித் திருப்பிவிட்டார். இரண்டுக்கு ஒன்று! விசில் ஊதியதும் கூட்டம் மைதானத்துக்குள் இறங்கிவிட்டது. பாபி லெனாக்ஸ் ஓடியது எங்கே தெரியுமா? கோல் வலைக்கு. தொப்பிக்குள் இருந்த பல்லை எடுக்க!

அந்தக் கோப்பையை வென்ற முதல் பிரிட்டிஷ் அணி அது. உள்ளூர் மாடு விலை போகாதா, சொல்லுங்கள்.

சரி, அந்த மாடுகள் எங்கே மேய்ந்தன? 1887-இல் வால்ஃப்ரிட் என்ற துறவி, கிளாஸ்கோவின் கிழக்குப் பகுதியில் ஏழைக் குழந்தைகளுக்குச் சாப்பாடு போடப் பணம் வேண்டும் என்றுதான் இந்த கிளப்பைத் தொடங்கினார். முதல் மைதானத்தை ஊர்க்காரர்களே கூலி வாங்காமல் சமன்படுத்தினார்கள். சில ஆண்டுகளில் நிலத்துக்காரர் வருட வாடகையை 50 பவுண்டிலிருந்து 450 பவுண்டாக ஏற்றினார். கலைந்து போனார்களா? இல்லை. பக்கத்தில் தண்ணீர் தேங்கிக் கிடந்த செங்கல் சூளைக் குழியை, வண்டி வண்டியாக மண் கொட்டி நிரப்பி, 1892-இல் அங்கே குடிபோனார்கள். இன்றைக்கும் செல்டிக் ஆடுவது அங்கேதான்.

லிஸ்பன் அணியின் மேலாளர் ஜாக் ஸ்டீனைப் பற்றி நிறையச் சொல்லலாம், சுரங்கத் தொழிலாளியாக இருந்தவர்; 1966 முதல் 1974 வரை தொடர்ந்து ஒன்பது முறை லீக் பட்டம் வென்ற கதையும் இருக்கிறது. ஆனால் நேரமாகிறது, என் மனதெல்லாம் அந்தக் குழியில் கொட்டிய மண்ணில்தான் நிற்கிறது. ஏனென்றால் நம் பிள்ளைகள் இன்று ஆடிய இதே மைதானத்தில், வடக்குப் பக்கம் வண்டி நிறுத்துமிடம் கட்டக் கல் நட்டிருக்கிறார்கள். கார்னர் கொடி நட வேண்டிய இடத்தில் அந்தக் கல்! நேற்று ஒரு பையன் அதில் இடறி விழுந்து, முட்டி சிராய்த்து, கட்டுப் போட்டுக்கொண்டு மறுபடி வந்து ஆடினான். மாட்டை ஏசுகிறோம், மேய்ச்சல் நிலத்தை விற்கிறோம்.

நகர்மன்றத் தலைவர் அவர்களே, உங்களை மேடையில் வைத்துக்கொண்டு கேட்பதற்கு மன்னிக்க வேண்டும். அந்தக் கல்லைப் பிடுங்கச் சொல்லுங்கள். மனு தயாராக இருக்கிறது. மேடைக்கு இடப்பக்கம், கோப்பை வைத்திருக்கும் மேசையிலேயே பேனாவும் வைத்திருக்கிறோம். பரிசு வாங்க வரும் பிள்ளைகளோடு பெற்றோரும் வந்து கையெழுத்துப் போட்டுவிட்டுப் போங்கள். நன்றி, வணக்கம்.