சேர்க்கைப் பதிவேட்டைப் பிரித்தால்

நேயர்களுக்கு வணக்கம்.

கிராமத்துத் தொடக்கப்பள்ளி ஒன்று எப்படித் தோன்றியது, எப்படி வளர்ந்தது என்று பேச அழைத்திருக்கிறார்கள். பள்ளியின் வரலாறு என்றதும் நம்மில் பலருக்குக் கட்டடம்தான் கண்ணில் வரும். முதலில் கீற்றுக் கொட்டகை, அப்புறம் ஓட்டுக் கட்டடம், அப்புறம் தளம் போட்ட வகுப்பறை. ஆண்டு விழா மலரைப் பிரித்தாலும் இதே வரிசைதான். இடம் கொடுத்தவர் பெயர், அடிக்கல் நாட்டியவர் பெயர், திறந்து வைத்தவர் பெயர். இவையெல்லாம் சுவரில் பதித்த கல்லிலேயே இருக்கின்றன. பள்ளி வளர்ந்த கதை தெரிய வேண்டுமானால், தலைமையாசிரியர் அறையின் இரும்பு பீரோவில் கிடக்கும் சேர்க்கைப் பதிவேட்டைப் பாருங்கள் என்பேன். ஊரில் யார் வீட்டுப் பிள்ளை எந்த ஆண்டு உள்ளே வந்தது, எந்த வகுப்போடு நின்றது என்று வரிசை எண் போட்டு அதில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

பதிவேடு இல்லாத காலத்திலும் பள்ளிக்கூடம் இருந்தது. திண்ணைப் பள்ளிக்கூடம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். மணலில் விரலால் எழுத்து, பிறகு ஓலைச்சுவடி, மனப்பாடமாக எண்சுவடி. சென்னை மாகாண கவர்னராக இருந்த தாமஸ் மன்றோ 1822இல் மாவட்டம்தோறும் பள்ளிகளைக் கணக்கெடுக்கச் சொன்னார். 1826இல் அவர் எழுதிய குறிப்பின்படி, 1 கோடியே 28 லட்சம் பேர் வாழ்ந்த மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. படித்தவர்கள் 1,88,650 பேர். அந்தக் காலத்துக்கு இது பெரிய எண்ணிக்கைதான், பெருமைப்படலாம். ஆனால் அந்தக் கணக்கில் பெண் குழந்தைகள் எத்தனை பேர் தெரியுமா? 4,540. திண்ணையைப் பற்றி உருகிப் பேசுகிறவர்கள் இந்த எண்ணைச் சொல்வதில்லை.

திண்ணைப் பள்ளியில் வாத்தியார் ஒருவர்தான். பிள்ளைகளோ பல வயது, பல நிலை. அதனால் மூத்த மாணவன் ஒருவன் சட்டாம்பிள்ளையாக இருந்து சின்னப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுப்பான். 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் எழும்பூரில் ஆதரவற்ற சிறுவர்களுக்கான பள்ளியை நடத்திய ஆண்ட்ரூ பெல் என்ற பாதிரியார், மணலில் எழுதுவதையும் மாணவனே மாணவனுக்குக் கற்பிப்பதையும் தம் பள்ளியில் கையாண்டார். பின்னர் அது இங்கிலாந்துக்குப் போய் ‘மெட்ராஸ் முறை’ என்று பெயர் வாங்கியது. ஒரு வாத்தியார், பல வகுப்பு என்ற சிக்கலை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். கிராமத்துப் பள்ளியை அது கடைசி வரை விடவில்லை.

1884ஆம் ஆண்டு உள்ளாட்சிச் சட்டத்துக்குப் பிறகு மாவட்ட போர்டுகளும் தாலுகா போர்டுகளும் பள்ளிகளை நடத்தத் தொடங்கின. இன்றைக்கும் சில ஊர்ப் பெரியவர்கள் ‘போர்டு ஸ்கூல்’ என்றுதான் சொல்வார்கள். 1920இல் வந்த தொடக்கக் கல்விச் சட்டம், பள்ளிகளுக்காகத் தனி வரி போடவும், அரசின் ஒப்புதலோடு கட்டாயக் கல்வியைக் கொண்டுவரவும் உள்ளாட்சிகளுக்கு வழி செய்தது. காகிதத்தில் பள்ளி எல்லாருக்கும் பொது. ஊரில் அப்படி இல்லை. கோயிலை ஒட்டியோ பெரிய தெருவிலோ பள்ளி இருந்தால், அங்கே நடக்கவே விடாத பிள்ளை எப்படிப் படிக்கும்? தாழ்த்தப்பட்டோர் நலனையும் கவனித்த தொழிலாளர் நலத்துறை தனியாகப் பள்ளிகளைத் திறந்ததற்கு இதுவே காரணம். இன்றைய ஆதிதிராவிடர் நலப் பள்ளிகளின் வேர் அங்கே இருக்கிறது. மதுரைப் பக்கத்துக் கள்ளர் சீரமைப்புப் பள்ளிகளின் வரலாறு வேறு. அது, சில சாதிகளைப் பிறவிக் குற்றவாளிகளாக முத்திரை குத்திய குற்றப் பரம்பரைச் சட்டத்தோடு சேர்ந்தது. பழைய பதிவேடு கிடைத்தால் சாதி என்ற கட்டத்தை மேலிருந்து கீழே பார்த்துக்கொண்டே வாருங்கள். எந்த ஆண்டில் எந்தத் தெருவுக்குக் கதவு திறந்தது என்று தெரிந்துவிடும்.

பதிவேட்டின் பக்கங்கள் வேகமாக நிரம்பியது 1950களின் நடுவில்தான். அதற்குச் சற்று முன்னால், 1953இல், பள்ளி நேரத்தைக் குறைத்து மீதி நேரத்தில் பெற்றோரின் தொழிலைக் கற்கச் சொன்ன திட்டம் வந்தது. குலக்கல்வித் திட்டம் என்று எதிர்ப்பு கிளம்பியது. 1954இல் காமராஜர் முதலமைச்சரானார், அந்தத் திட்டம் போனது. பிள்ளை நடந்து போகும் தூரத்தில் பள்ளி இருக்க வேண்டும் என்ற கணக்கில், பள்ளி இல்லாத ஊர்களுக்குப் பள்ளி வந்தது. பல இடங்களில் ஓராசிரியர் பள்ளிதான். சாவடியிலோ, மரத்தடியிலோ, யாராவது கொடுத்த மாட்டுக் கொட்டகையிலோ தொடங்கினார்கள். கட்டடத்துக்காகக் காத்திருந்தால் ஒரு தலைமுறை போயிருக்கும்.

பிறப்புச் சான்றிதழ் என்ற ஒன்று கிராமத்தில் அப்போது யாரிடமும் இல்லை. வலது கையைத் தலைக்கு மேலாகக் கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்கள். எட்டினால் ஐந்து வயது முடிந்தது, சேர்த்துக்கொள்ளலாம். எட்டாவிட்டால் அடுத்த ஆண்டு வா. சேர்த்த பிறகு பிறந்த தேதி என்ற கட்டத்தை நிரப்ப வேண்டுமே? பள்ளி திறப்பது ஜூனில். அதிலிருந்து ஐந்து ஆண்டைப் பின்னால் எண்ணி மே மாதத்திலோ ஜூன் மாதத்திலோ வாத்தியாரே ஒரு தேதியைப் போட்டுவிடுவார். நம் ஊரில் ஒரு தலைமுறையே கோடையில் பிறந்தது இப்படித்தான். ஜாதகத்தில் தை மாதமும் சான்றிதழில் மே மாதமுமாகப் பிறந்து, வாத்தியார் போட்ட தேதியிலேயே வேலையில் சேர்ந்து ஓய்வும் பெற்றவர்கள் இந்த உரையைக் கேட்டுக்கொண்டிருக்கலாம்.

பள்ளி பக்கத்தில் வந்துவிட்டது. பிள்ளை வந்ததா? காலையில் வந்தது, மதியம் வீட்டுக்குப் போய்த் திரும்பவில்லை. வீட்டில் சோறு இருந்தால்தானே? மாடு மேய்த்தால் கூழாவது கிடைக்கும். 1956இல் மதிய உணவுத் திட்டம் தொடங்கியபோது ஊராரிடம் தானியம் கேட்டு வாங்கினார்கள். பின்னர் அரசும் செலவில் பங்கு போட்டது. பொதுக் கல்வி இயக்குநராக இருந்த நெ.து. சுந்தரவடிவேலு ஊர் ஊராகப் போய்ப் பள்ளிச் சீரமைப்பு மாநாடுகளை நடத்தினார். பெஞ்சு, கடிகாரம், கரும்பலகை, குடிநீர்ப் பானை என்று ஊரே கொண்டுவந்து பள்ளிக்குக் கொடுத்தது. 1961இல் ‘கேர்’ என்ற அமெரிக்க உதவி அமைப்பின் உதவியில் பால் பவுடரும் மாவும் எண்ணெயும் வந்தன. 1982 ஜூலை 1 அன்று எம்.ஜி.ஆர். திருச்சியை அடுத்த பாப்பாக்குறிச்சியில் சத்துணவுத் திட்டத்தைத் தொடங்கி வைத்தார். 1989இல் முட்டை சேர்ந்தது. சோறு போட்டால் படிப்பு வருமா என்று அன்றைக்குக் கேலி பேசியவர்கள் உண்டு. மதியத்துக்குப் பிறகு எத்தனை பிள்ளைகள் உட்கார்ந்திருந்தார்கள் என்று வருகைப் பதிவேட்டைக் கேட்டால் பதில் சொல்லும்.

நிர்வாகக் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1958ஆம் ஆண்டு ஊராட்சிச் சட்டத்தின்படி ஒன்றியங்கள் அமைந்தபோது போர்டு பள்ளிகள் அவற்றின் கைக்கு வந்தன. பலகையில் ‘ஊராட்சி ஒன்றியத் தொடக்கப்பள்ளி’ என்று எழுதியிருப்பது அதனால்தான். 1981 ஜூன் 1 முதல் அந்தப் பள்ளிகளின் ஆசிரியர்கள் அரசு ஊழியர்கள் ஆனார்கள். ஒன்றியத்தின் பெயர் மட்டும் பலகையில் தங்கிவிட்டது.

1987இல் மத்திய அரசின் கரும்பலகைத் திட்டம் வந்தது. எவ்வளவு சின்னப் பள்ளியானாலும் இரண்டு அறை, இரண்டு ஆசிரியர் வேண்டும் என்றார்கள். அதற்கு முன் ஒரே ஆசிரியர் ஐந்து வகுப்பை எப்படி நடத்தினார்? ஒன்றாம் வகுப்பு ‘அ, ஆ’ எழுதும், இரண்டாம் வகுப்பு வாய்ப்பாடு சொல்லும், மூன்றாம் வகுப்பு பாடத்தைப் பார்த்து எழுதும், நான்கும் ஐந்தும் கணக்குப் போடும். ஆசிரியர் ஒரு மூலையிலிருந்து இன்னொரு மூலைக்கு நடந்துகொண்டே இருப்பார். மாதச் சம்பளப் பட்டியல் கொடுக்க அவர் ஒன்றிய அலுவலகத்துக்குப் போன அன்று பள்ளியைப் பார்த்துக்கொண்டது யார்? ஐந்தாம் வகுப்புப் பெரிய பையன். சட்டாம்பிள்ளை எங்கேயும் போய்விடவில்லை.

2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த செயல்வழிக் கற்றல் இந்தச் சிக்கலை நேராகவே எடுத்துக்கொண்டது. சுவரைச் சுற்றிக் குழந்தைக்கு எட்டும் உயரத்தில் கரும்பலகை, பாயில் வட்டமாகப் பிள்ளைகள், பாட அட்டைகள், அடுத்து எந்த அட்டை என்று காட்டும் படிநிலை ஏணி. ஆசிரியரும் தரையில் உட்கார வேண்டும். பலருக்கு அது பிடிக்கவில்லை, முழங்காலும் ஒத்துழைக்கவில்லை. அட்டையை எடுத்து வைப்பதிலேயே பொழுது போகிறது என்ற குறையும் நியாயமானதுதான். ஆனாலும் குழந்தை தன் வேகத்தில் போகலாம் என்பதை நம் பள்ளி ஒப்புக்கொண்டது அப்போதுதான். கொரோனாவுக்குப் பிறகு 2022இல் வந்த ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்தில் அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளை நிலை பிரிப்பதும் அதே கவலையால்தான்.

கட்டடத்தைப் பற்றி ஒன்று மட்டும் சொல்லிவிடுகிறேன். 2004 ஜூலை 16 அன்று கும்பகோணத்தில் தனியார் பள்ளி ஒன்றின் கீற்றுக் கூரை தீப்பிடித்து 94 குழந்தைகள் இறந்தார்கள். பள்ளிகளில் கீற்றுக்கூரை கூடாது என்ற நிலை அதன் பிறகுதான் வந்தது.

இப்போது பதிவேட்டின் பக்கங்கள் மெதுவாக நிரம்புகின்றன. பல பள்ளிகளில் மொத்தமே இருபது பிள்ளைகள்கூட இல்லை. பிறப்பு குறைந்துவிட்டது என்பது ஒரு காரணம். காலையில் ஊருக்குள் வந்து ஆங்கிலவழிப் பள்ளிக்குப் பிள்ளைகளை ஏற்றிப் போகும் வேன் இன்னொரு காரணம். அரசுப் பள்ளியிலும் ஆங்கிலவழிப் பிரிவு வந்துவிட்டது, வேன் நிற்கவில்லை. 2022 செப்டம்பரில் மதுரையில் தொடங்கி, 2023 ஆகஸ்டில் திருக்குவளையிலிருந்து எல்லா அரசுத் தொடக்கப்பள்ளிகளுக்கும் விரிந்த காலை உணவுத் திட்டம், இருக்கிற பிள்ளைகளைக் காலையிலேயே வரவழைக்கிறது. பிள்ளை குறைவு என்பதற்காகப் பள்ளியைப் பக்கத்து ஊரோடு இணைத்துவிடலாம் என்கிறார்கள் சிலர். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. வேனுக்குக் கட்ட முடிந்தவர்கள் ஏற்கெனவே போய்விட்டார்கள். மீதி இருப்பது கட்ட முடியாதவர்களின் பிள்ளைகள். அவர்களைத்தான் மறுபடி நடக்கச் சொல்கிறோம்.

இப்போது பிள்ளைகளின் விவரமெல்லாம் எமிஸ் என்ற கணினித் தளத்தில் ஏறிவிடுகிறது. பழைய பதிவேட்டை யாராவது பதிவுத்தாள் நகல் கேட்டு வரும்போது மட்டும் எடுக்கிறார்கள். ஓரம் செல்லரித்து, பிரித்தால் ஒடிகிற தாள்.

உங்கள் ஊர்ப் பள்ளிக்கு நூற்றாண்டு விழாவோ ஆண்டு விழாவோ வந்து, மலர்க் குழுவில் நீங்களும் இருந்தால், தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு அந்தப் பதிவேட்டைப் பாருங்கள். முதல் பெண் குழந்தை எந்த ஆண்டு சேர்ந்தது, ஐந்தாம் வகுப்பை முடித்ததா, நின்ற காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதியிருக்கிறது என்று தேடி, பெயரை விட்டுவிட்டு மற்றதை மலரில் போடுங்கள். பிரமுகர்களின் வாழ்த்துச் செய்திக்கு ஒதுக்கும் பக்கங்களில் இரண்டைக் குறைத்தால் இடம் கிடைத்துவிடும்.

வணக்கம்.